பந்தைக் கையில் கொடுத்த வாத்தியார்

1957-ம் ஆண்டு. பிரான்சு தேசத்தின் தலைநகரான பாரிஸில் ஓர் இறுதிப் போட்டி நடந்தது.

மோதியவை இரண்டு அணிகள். ஒன்று, செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகர அணி. மற்றொன்று, ஸ்வீடன் நாட்டின் ஓரெப்ரோ அணி. பிராக் அணி வென்றது. ஐரோப்பிய ஹேண்ட்பால் கோப்பையை முதன் முதலில் வாங்கிய பெருமை அந்த நகரத்துக்குக் கிடைத்தது.

அந்த விளையாட்டுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த மனிதர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 88 வயதில், அவர் காலமாகி இருந்தார்.

அவர் பெயர் ஹோல்கர் நீல்சன். டென்மார்க் நாட்டுக்காரர். பட்டாளத்து அதிகாரி. பள்ளிக்கூடத்தில் தேகப் பயிற்சி வாத்தியார். பந்தாட்டம் ஒன்றை உலகத்துக்குக் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றவர்களுக்கு மூச்சு வரவழைக்கும் வழி ஒன்றையும் கண்டுபிடித்தார். அதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 65!

தமிழில் கைப்பந்து என்றால் பலருக்கு வாலிபால்தான் ஞாபகம் வரும். ஹேண்ட்பால் வேறு. கால்பந்து ஆட்டத்தைக் கையால் ஆடினால் எப்படி இருக்கும்? அதுதான் ஹேண்ட்பால். அணிக்கு 7 பேர். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள மைதானம். இரண்டு பக்கமும் கோல் கம்பம். பந்தைப் பிடிக்கலாம், தட்டிக் கொண்டே ஓடலாம், தோழனுக்கு எறியலாம். கையில் வைத்துக் கொண்டு மூன்று அடிக்கு மேல் எடுத்து வைக்கக் கூடாது. மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. கோலுக்கு முன்னால் 6 மீட்டர் தூரத்தில் ஒரு வளைகோடு. அதற்குள் கோல் காப்பவர் தவிர வேறு யாரும் கால் வைக்க முடியாது. அதனால் ஆட்டக்காரர்கள் கோட்டுக்கு வெளியே இருந்து எகிறி, காற்றில் மிதந்தபடியே பந்தை வீசுவார்கள். பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி அது.

ஏதென்ஸ் நகரில்

நீல்சன் பிறந்தது 1866-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி, டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க்கைப் போரில் தோற்கடித்து, அதன் தென்பகுதியைப் பிடுங்கிக் கொண்டன. சிறிய நாடு இன்னும் சிறியதாகிப் போன காலம்.

நிலம் போனாலும் உடம்பை வளர்ப்பதில் டேனிஷ் மக்களுக்கு அக்கறை குறையவில்லை. ஐரோப்பாவில் பள்ளிப் பையன்களுக்குத் தேகப் பயிற்சியைக் கட்டாயப் பாடமாக்கிய முதல் நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று. 1814-ம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தில் ஊறி வளர்ந்தவர் நீல்சன். ராணுவத்தில் சேர்ந்து லெப்டினென்ட் ஆனார். வாள் வீசுவார், துப்பாக்கி சுடுவார், வட்டும் எறிவார்.

1896-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் பந்தயம் முதல் தடவையாக நடந்தது. டென்மார்க்கில் இருந்து போனவர்கள் மூன்றே பேர். விக்கோ யென்சன், யூஜென் ஷ்மிட், ஹோல்கர் நீல்சன்.

மூன்று பேரும் கையில் கிடைத்த போட்டியை எல்லாம் விடவில்லை. யென்சன் எடை தூக்கினார், துப்பாக்கியும் சுட்டார். ஷ்மிட் ஓட்டப் பந்தயத்திலும் ஓடினார், துப்பாக்கியும் சுட்டார். அந்தக் காலத்து ஒலிம்பிக் அப்படி. இன்றைய வீரர்கள் ஒரே போட்டிக்காக நான்கு ஆண்டு தவம் கிடக்கிறார்கள். அன்று, வந்தவர்கள் எதில் வேண்டுமானாலும் இறங்கிப் பார்த்தார்கள்.

கத்திச் சண்டையில் மொத்தம் ஐந்து பேர். நீல்சன் இரண்டு பேரை வென்று, இரண்டு பேரிடம் தோற்று மூன்றாவது வந்தார். முதல் இரண்டு இடமும் கிரேக்கர்களுக்கு. கிரேக்க நாட்டின் அரசர் முதலாம் ஜார்ஜ், பிறப்பால் ஒரு டேனிஷ் இளவரசர். அவரும் கோபன்ஹேகனில் பிறந்தவர்தான்!

கைத்துப்பாக்கிப் போட்டி ஒன்றில் நீல்சனுக்கு இரண்டாவது இடம். அமெரிக்காவின் சம்னர் பெயின் 442 புள்ளி எடுத்தார். நீல்சன் எடுத்தது 285. தூரம் அதிகம்தான். ஆனாலும் மற்றவர்கள் அவருக்கும் கீழே. இன்னொரு கைத்துப்பாக்கிப் போட்டியில் மூன்றாவது வந்தார். வட்டு எறிவதில் மட்டும் பெயர் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

இன்றைய பட்டியல்களில் அவர் பெயருக்கு எதிரே ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் என்று போட்டிருக்கிறது. உண்மையில் அன்று வந்த பரிசு வேறு. முதலில் வந்தவருக்குத்தான் வெள்ளிப் பதக்கம். இரண்டாவது வந்தவருக்கு வெண்கலம். மூன்றாவது வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே நீல்சன் அந்தப் பந்தயத்தில் வென்றது ஒரே ஒரு வெண்கலப் பதக்கம்.

உடைந்த ஜன்னல்கள்

கோபன்ஹேகனுக்கு வடக்கே ஓர்ட்ரூப் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூடம். நீல்சன் அங்கே தேகப் பயிற்சி வாத்தியாராக இருந்தார்.

அப்போது டென்மார்க்கில் கால்பந்துப் பைத்தியம் பரவிக் கொண்டிருந்தது. இங்கிலாந்தில் இருந்து வந்த அந்த ஆட்டத்துக்குக் கோபன்ஹேகனில் 1876-ம் ஆண்டிலேயே கழகம் தொடங்கிவிட்டார்கள். பையன்கள் சும்மா இருப்பார்களா? பள்ளிக்கூட முற்றத்திலேயே பந்தை உதைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்தது. மறுபடி உதைத்தார்கள். மறுபடி உடைந்தது.

கடைசியில், முற்றத்தில் கால்பந்து ஆடக் கூடாது என்று தடை வந்ததாகச் சொல்கிறார்கள்.

இது நடந்தது 1898-ம் ஆண்டில். தடை காலுக்குத்தானே, கைக்கு இல்லையே! பையன்கள் பந்தைக் கையால் எறிந்து விளையாட ஆரம்பித்தார்கள். வேறு வாத்தியாராக இருந்தால் அதையும் அதட்டி நிறுத்தி இருப்பார். நீல்சன் நின்று கவனித்தார்.

கையால் எறிந்த பந்து சொன்ன இடத்துக்குப் போனது. சிறிய இடம் போதுமாக இருந்தது. காலும் ஓடியது, கையும் வேலை செய்தது, கண்ணும் வேலை செய்தது. கால்பந்தில் ஒதுங்கி நின்ற ஒல்லிப் பையனும் இதில் பந்தைப் பிடிக்கலாம். தேகப் பயிற்சி வாத்தியாருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் சட்டம் இல்லாத ஆட்டம் சண்டையில்தான் முடியும். பந்தைக் கட்டிப் பிடித்துக் கொண்டு ஒருவன் ஓடினால் மற்றவர்கள் அவன் மேல் விழுவார்கள். நீல்சன் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்கு செய்தார். அவசரப்படவில்லை. முற்றத்தில் ஆட்டம் தொடங்கியது 1898-ல். அதன் சட்டங்கள் ஹேண்ட்பால் வழிகாட்டி என்ற பொருளுடைய சிறு புத்தகமாக வெளிவந்தது 1906-ல். எட்டு ஆண்டுகள்!

அந்த வழிகாட்டியால் அவருக்குப் பெரிய பேர் எதுவும் வந்துவிடவில்லை. ஆட்டம் மட்டும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியது.

ஜெர்மனியில் வேறு கதை

டென்மார்க்கில் இப்படி நடந்து கொண்டிருக்க, ஜெர்மனியிலும் ஹேண்ட்பால் தலையெடுத்தது. 1917-ம் ஆண்டு பெர்லினில் மாக்ஸ் ஹைசர் என்பவர் பெண்களுக்காக ஒரு பந்தாட்டத்துக்குச் சட்டம் வகுத்தார். 1919-ல் கார்ல் ஷெலன்ஸ் என்பவர் அதைத் திருத்தி, ஆண்களும் ஆடும்படி முரட்டு ஆட்டமாக ஆக்கினார். அது திறந்த வெளியில், கால்பந்து மைதானத்தில், அணிக்கு 11 பேர் ஆடும் ஆட்டம்.

ஜெர்மனி பெரிய நாடு. அதன் ஆட்டம்தான் முதலில் உலகத்தின் கண்ணில் பட்டது. 1936-ம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 11 பேர் ஹேண்ட்பாலைச் சேர்த்தார்கள். இறுதிப் போட்டியில் ஜெர்மனி 10-க்கு 6 என்று ஆஸ்திரியாவை வென்றது. கொட்டும் மழையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். டென்மார்க் அதில் கலந்து கொள்ளவே இல்லை. ஹேண்ட்பாலின் தந்தை யார் என்று கேட்டால் ஷெலன்ஸ் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் நீல்சன் நாட்டில் குளிர்காலம் நீண்டது. வெளியே பனி. ஆகவே டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் ஆட்டம் கூரைக்குள் போனது. இடம் சுருங்கியது. ஆட்கள் 7 ஆகக் குறைந்தார்கள். வேகம் கூடியது. கடைசியில் உலகம் முழுவதும் நிலைத்தது இந்த 7 பேர் ஆட்டம்தான். 11 பேர் ஆட்டத்துக்கு 1966-ம் ஆண்டோடு உலகப் போட்டி நின்றுவிட்டது.

1940 முதல் 1945 வரை டென்மார்க் ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946 ஜூலையில், 8 நாடுகள் கூடிச் சர்வதேச ஹேண்ட்பால் சங்கத்தைத் தொடங்கின. கூடிய இடம் கோபன்ஹேகன். நீல்சனுக்கு அப்போது 79 வயது.

குப்புறக் கிடந்தவனுக்கு மூச்சு

டென்மார்க் தண்ணீர் சூழ்ந்த நாடு. 400-க்கு மேற்பட்ட தீவுகள். எந்த ஊரில் இருந்து நடக்க ஆரம்பித்தாலும் கடல் வெகு தூரத்தில் இல்லை. கோடை வந்தால் பிள்ளைகள் கடலில் இறங்குவார்கள். மீனவர்களுக்கோ ஆண்டு முழுவதும் கடல்தான். எல்லோரும் திரும்பி வருவதில்லை.

மூழ்கியவனைக் கரைக்கு இழுத்து வந்தாகிவிட்டது. மூச்சு இல்லை. டாக்டர் வர நேரம் ஆகும். சில நிமிடத்துக்குள் ஏதாவது செய்தால்தான் உண்டு. என்ன செய்வது?

இரண்டு பழைய வழிகள் இருந்தன. ஒன்று, இங்கிலாந்து டாக்டர் சில்வெஸ்டர் 1858-ல் சொன்னது. ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேலே இழுத்து, பிறகு மார்பின் மேல் அழுத்துவது. மல்லாக்கக் கிடந்தால் நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைக்கும். குடித்த தண்ணீரும் வெளியே வராது.

மற்றொன்று, எடின்பரோ பேராசிரியர் ஷேஃபர் 1903-ல் சொன்னது. ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகின் கீழ்ப் பகுதியை அழுத்தி விடுவது. தண்ணீர் வெளியே வரும். உள்ளே இருக்கும் காற்றும் வெளியே போகும். ஆனால் புதிய காற்றை உள்ளே இழுக்க அதில் வழி இல்லை. அழுத்தத்தை விட்டதும் மார்பு தானாக விரிய வேண்டும். துவண்டு கிடக்கும் உடம்பில் அது எவ்வளவு விரியும்?

நீல்சன் டாக்டர் இல்லை. ஆனால் தோளும் முதுகும் மார்பும் எப்படி அசைகின்றன என்பதை ஆயுள் முழுவதும் பார்த்தவர். அவர் இரண்டு வழியையும் ஒன்றாகச் சேர்த்தார். ஆளைக் குப்புறப் படுக்க வை. அவன் கைகளை மடக்கி, தலையைப் புறங்கை மேல் சாய்த்து வை. நீ அவன் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார். தோள்பட்டை எலும்பு மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, முன்னால் சாய்ந்து அழுத்து. காற்று வெளியே போகும். பிறகு பின்னால் சாய்ந்து அவன் முழங்கைகளைப் பிடித்து மேலே தூக்கு. மார்பு விரியும், காற்று உள்ளே வரும். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை இப்படிச் செய்துகொண்டே இரு.

இதில் பலம் பெரிதாக வேண்டாம். செய்பவனுடைய உடல் எடையே வேலையைச் செய்துவிடும். ஒரு பள்ளிக்கூடப் பையன் கூடச் செய்யலாம்.

1932-ம் ஆண்டு அவர் இதை வெளியிட்டார். அப்போது அவர் ஓய்வு பெற வேண்டிய வயதைத் தொட்டுவிட்ட லெப்டினென்ட் கர்னல். டென்மார்க் விரைவில் ஏற்றுக் கொண்டது. பெரிய நாடுகள் ஏற்கவில்லை. அமெரிக்காவில் ஷேஃபர் முறையைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

வந்த புகழ், போன புகழ்

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க டாக்டர்கள் எல்லா முறைகளையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுச் சோதித்தார்கள். ஆர்ச்சர் கோர்டன் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் மயக்க மருந்து கொடுத்த தொண்டர்களை வைத்து அளந்தார்கள். ஷேஃபர் முறையில் உள்ளே போன காற்றைவிட நீல்சன் முறையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்று போனது.

1951, 1952-ம் ஆண்டுகளில் அமெரிக்காவின் செஞ்சிலுவைச் சங்கமும் ராணுவமும் நீல்சன் முறைக்கு மாறின. பிரிட்டனும் மாறியது. கடற்கரைக் காவலர்கள், தீயணைப்புப் படையினர், சாரணர்கள், மின்சாரத் தொழிலாளர்கள் என்று லட்சக்கணக்கான பேர் கற்றுக் கொண்டார்கள். நீல்சனுக்கு அப்போது 85 வயது. கண்டுபிடித்து 20 ஆண்டுகள் கழித்து வந்த பெயர். வராமலே போயிருக்கலாம், நல்ல வேளையாக அவர் இருக்கும்போதே வந்தது.

1955-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அவர் காலமானார்.

அந்த ஆண்டுதான் பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகையான லெக்கிப் தூண்டுதலால் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை தொடங்கியது. அதன் வெற்றியைப் பார்த்து அடுத்த ஆண்டே ஹேண்ட்பாலுக்கும் ஒரு கோப்பையைத் தொடங்கினார்கள். அதன் இறுதிப் போட்டிதான் 1957-ல் பாரிஸில் நடந்தது.

அதே 1957-ம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வேறொரு காரியம் நடந்து கொண்டிருந்தது. வியன்னாவில் பிறந்த பீட்டர் சாஃபர் என்ற மயக்க மருந்து டாக்டர் மறுபடியும் சோதனை செய்தார். முன்பு கோர்டன் அளந்தபோது தொண்டர்களின் மூச்சுக் குழாயில் ரப்பர் குழாய் செருகி இருந்தது. காற்று தடையில்லாமல் போய் வந்தது. ஆனால் கடற்கரையில் கிடப்பவன் தொண்டையில் யார் குழாய் செருகி வைத்திருக்கிறார்கள்? சாஃபர் அந்தக் குழாயை எடுத்துவிட்டு அளந்தார். மயங்கிய நிலையில் தலை தொய்ந்து, நாக்கு மடிந்து தொண்டை அடைபட்டது. முதுகை அழுத்தியும் கையைத் தூக்கியும் பல பேருக்குப் போதுமான காற்று போகவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து ஊதினால் போனது. பயிற்சி இல்லாத சாதாரண மனிதர்களே அதைச் செய்து காட்டினார்கள்.

1958-ல் அந்த முடிவு வெளியானது. 1960-ல் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் வழியும் வந்தது. இன்று டாக்டர்கள் சொல்லித் தருவது இவை இரண்டையும்தான். நீல்சன் முறையை இப்போது யாரும் நம்பிச் செய்யக் கூடாது. 20 ஆண்டு காத்திருந்து ஏறிய பீடத்தில் அது 10 ஆண்டு கூட நிற்கவில்லை.

அதற்காக அதைத் தோல்வி என்று தள்ளிவிட முடியாது. மூச்சு நின்றவன் பக்கத்தில் கையைப் பிசைந்து கொண்டு நின்ற ஜனங்களுக்கு, மண்டியிட்டு ஏதாவது செய் என்று அது கற்றுக் கொடுத்தது. அதனால் பிழைத்தவர்களும் உண்டு.

கோப்பை வந்த கதை

பந்தாட்டம் மட்டும் நிலைத்தது. ஐரோப்பியக் கோப்பை 1957-58ல் நடக்கவில்லை. பிறகு மறுபடி நடந்தது. 1959-ல் ஸ்வீடனின் ரெட்பெர்க்ஸ்லிட் வென்றது. 1960-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரக் கழகம் இறுதிப் போட்டி வரை போய், ஜெர்மனியின் கெப்பிங்கன் அணியிடம் தோற்றது. 1976-ல் பிரெடரிசியா கழகம் போனது. அதுவும் யூகோஸ்லாவிய அணியிடம் தோற்றது. ஆட்டம் பிறந்த நாட்டுக்குக் கோப்பை எட்டாக் கனியாகவே இருந்தது, ஆண்கள் வரையில்.

பெண்கள் காத்திருக்கவில்லை. 1965-ம் ஆண்டிலேயே கோபன்ஹேகன் நகரத்துப் பெண்கள் கழகம் ஒன்று பெண்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்று வந்துவிட்டது! ஒலிம்பிக்கிலும் அவர்கள்தான் முந்தினார்கள். 1996, 2000, 2004 என்று தொடர்ந்து மூன்று தடவை டென்மார்க் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். ஆண்களுக்கு முதல் தங்கம் கிடைத்தது 2016-ல்தான். நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் 60 லட்சம்.

நீல்சனின் மூச்சு முறை இந்தியாவுக்கும் வந்தது. முதலுதவி வகுப்புகளில் கற்பித்தார்கள். மின்சாரம் தாக்கி விழுந்தவனுக்கு என்ன செய்வது என்று எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் படிக்கும் பையன்களின் தொழிற்பயிற்சிப் புத்தகத்திலும் அது ஏறியது. ஆனால் வழியில் எங்கோ ஓர் எழுத்து இடம் மாறிவிட்டது. அந்தப் புத்தகத்தில் இருக்கும் பெயர், நெல்சன் முறை.

நெல்சன் என்றால் உலகத்துக்குத் தெரிந்தவர் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன். 1801-ம் ஆண்டு ஒரு துறைமுகத்துக்கு முன்னால் நின்ற டென்மார்க் கப்பல்களைப் பீரங்கியால் துளைத்தவர். அந்தத் துறைமுகம் கோபன்ஹேகன்.